வாரத்துக்கு ரெண்டு நாள் புண்ணாக்கு

ஒக்லஹோமாவுக்குப் படிக்க வந்த முதல் பனிக்காலம். வார இறுதியில் தெரிந்தவர் ஒருவரின் மாட்டுப் பண்ணைக்குப் போய் நிற்பேன். மனுஷர் பருத்திப் புண்ணாக்கை வாரத்துக்கு ரெண்டே நாள்தான் போடுவார். மற்ற நாளெல்லாம் வெறும் காய்ந்த புல். (நம்ம வைக்கோல் இல்லைங்க, அறுத்துக் காயவைத்த புல்லேதான்.) "சரியான கஞ்சன், மாட்டைப் பட்டினி போடுறார்" என்று ரூமில் வந்து சொல்லிச் சிரித்தேன். மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்கணுமே என்று எந்தக் கல்யாண வீட்டிலும் ஒரு ராத்திரி தங்காத அம்மாவுக்குப் பிள்ளை நான். வேறெப்படித் தோணும்?

அப்புறம் நூலகத்தில் ஒரு பழைய கட்டுரை கிடைத்தது. மெக்கில்வெய்ன், ஷூப் என்ற ரெண்டு பேர் எழுதியது, 1962. இதே ஒக்லஹோமாவின் உட்வார்டில், பனிக்கால மேய்ச்சலில் இருந்த காளைகளுக்குப் புண்ணாக்கைத் தினமும், மூணு நாளைக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வாரக்கணக்கில் எல்லாருக்கும் ஒரே அளவு. எடையில் பெரிய வித்தியாசமில்லை! நான் சிரிச்ச சங்கதிக்கு என் அப்பா வயசு :-)

எப்படி? காய்ந்த புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் ரூமன் என்கிற முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாது. புல் செரிக்காமல் தங்கும், மாடு தின்பதும் குறையும். ஆக, புண்ணாக்கு முதலில் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான் சாப்பாடு. ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் மிச்சம் வீணாகாதா என்றுதான் நானும் கேட்டேன். அதற்குப் பதில் மாட்டுக்காரர்களிடமிருந்து வரவில்லை, உடலியல்காரர்களிடமிருந்து வந்தது. ரூமனிலிருந்து அமோனியா ரத்தத்துக்குப் போவதை 1948ல் மெக்டொனால்ட் செம்மறியில் காட்டினார். ஈரல் அதை யூரியாவாக்கும். சிறுநீரில் போவது போக மீதி எச்சில் வழியாகத் திரும்ப ரூமனுக்கே வரும். எச்சில் மட்டுமில்லை, ரூமன் சுவர் வழியாகவும் வருகிறது என்றார் ஹூப்ட், 1959ல். புண்ணாக்கு இல்லாத நாளில் மாடு தன் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

2002ல் ஓரிகன் மாநிலத்தின் பர்ன்ஸில் போனர்ட் குழு இன்னும் நீட்டிப் பார்த்தது. மட்டமான புல் தின்ற சினை மாடுகளுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை. அப்போதும் மாடு தாங்கியது. பனியில் பல மைல் வண்டி ஓட்டிப் போய்த் தீவனம் போடுகிறவருக்கு இதில் எவ்வளவு டீசலும் உடம்பு நோவும் மிச்சம் என்று நினைச்சுப் பாருங்க. ஆனால் ஒன்று, யூரியா கலந்த தீவனத்தில் இந்த விளையாட்டு கூடாது. ஒரேயடியாக அமோனியா ஏறி மாடு செத்தே போகும்.

குஷியில் அம்மாவுக்குப் போன் போட்டேன். "இனிமே நீ ரெண்டு நாள் வெளியூர் போலாம்மா!"

"கறவைக்கும் அப்படித்தானா?"

மாட்டிக்கிட்டேன். இந்தச் சோதனைகளில் எதிலும் கறவை மாடு இல்லை. தினம் பால் கொடுக்கிற மாட்டுக்குத் தினமும் வைத்தாகணும். அதைச் சொன்னேன்.

"அப்போ லட்சுமி பால் வத்தட்டும். தை மாசம் உன் சித்தி வீட்டுக்குப் போறேன்" என்று வைத்துவிட்டாள்.