கணினித் தொடக்கமும் பகிர்நூலகமும்: ஒரு விதியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் வீழும் நீரைச் சுண்ணக்கற்பாறை தன்னகத்தே தாங்கி வைத்திருக்க, அந்நீரைக் கிணறுகளின் வாயிலாகப் பெற்றே இந்நிலத்தார் வாழ்ந்தும் பயிர்செய்தும் வந்துள்ளனர். கிணறு வெட்டுதல் பெருஞ் செலவுடைய முயற்சியாதலின், ஒரு கிணற்றைப் பலர் பங்காக உடைத்திருத்தல் இங்கு நெடுங்கால வழக்கு. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனித்தனியே எழுதப்படுவதை யாவரும் அறிவர். பங்கினாற் செலவு குறையும். ஆயின், கிணற்றுக்கு ஊறு நேரிற் பங்காளர் அனைவரும் ஒருங்கே இடருறுவர். கயிறறுந்து வாளி கிணற்றில் வீழ்ந்துவிடின், அதனை எடுத்தற்குப் பாதாளக்கரண்டி என்னுங் கருவி உண்டு. அக்கருவியைக் கிணற்றினுள்ளே வைத்திருப்பார் எவருமிலர். இத்துணை எளிய ஓர் உண்மை, கணினித் துறையில் அரைநூற்றாண்டாக மறக்கப்பட்டும் மீண்டுங் கற்கப்பட்டும் வந்துள்ளது. அதன் வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்நிரல் எனப்படுவது, ஒரு வேலையை முடித்தற்குக் கணினிக்கு நிரல்படத் தரப்பட்ட கட்டளைத் தொகுதி. கோப்பைத் திறத்தல், திரையில் எழுத்தைக் காட்டல், நேரத்தைக் கணித்தல் போன்ற செயல்கள் ஏறக்குறைய எல்லாச் செய்நிரல்களுக்கும் பொதுவானவை. இவற்றுக்குரிய கட்டளைகளைத் தொகுத்து வைத்ததே நூலகம் எனப்படும். அதனைப் பயன்கொள்ளும் முறை இரண்டு. செய்நிரல் தனக்கு வேண்டிய பகுதியைப் படியெடுத்துத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்வது ஒன்று, இது நிலையிணைப்பு. நூலகத்தை வன்தட்டில் ஓரிடத்தில் மாத்திரம் வைத்து, இயங்கத் தொடங்கும் வேளையில் அதனைத் தேடிச் சேர்த்துக்கொள்வது மற்றையது. இஃது இயக்கநிலை இணைப்பு. இவ்வாறு பல செய்நிரல்களுக்கும் பொதுவாய் நிற்பதே பகிர்நூலகம். தேடிச் சேர்க்குந் தொழிலைச் செய்வது இணைப்பி. முன்னைய முறை இடத்தை மிகுதியாக வேண்டும். ஆயினும் பிறிதொன்றை எதிர்பாராது. பின்னையது இடத்தை மிச்சப்படுத்தும். ஓரிடத்திற் பிழை திருத்தினால் எல்லாச் செய்நிரல்களும் பயனுறும். ஆயினும் நூலகம் எட்டாவிடத்துச் செய்நிரல் ஓரடியும் அசையாது.

இயக்கநிலை இணைப்பைப் பெருமுறையிற் கைக்கொண்ட முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்காவில் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் இலெக்றிக் நிறுவனமும் கூடி 1965 ஆம் ஆண்டில் விரித்துரைத்த மல்ற்றிக்ஸ் முறைமையாகும். அது சிக்கல் மிகுந்து காலந் தாழ்த்தமையால் 1969 இற் பெல் ஆய்வுகூடம் அதனின்றும் விலகியது. விலகியவர்களுள் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போரே, எளிமையைக் குறிக்கோளாகக் கொண்டு யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைப் படைத்தனர். தொடக்ககால யுனிக்சிற் பகிர்நூலகம் இல்லை. ஒவ்வொரு செய்நிரலுந் தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு புறப்பட்டது.

எனினும் வேறொரு வழியால் நமது விதி அங்குத் தோன்றிற்று. 1971 ஆம் ஆண்டளவில் யுனிக்ஸ் இயங்கிய பி.டி.பி.-11 கணினியின் முதல் வன்தட்டு அரை மெகாபைற்று அளவினதே. ஆகவே, பயனாளர் கோப்புகளுக்கென இரண்டாந் தட்டொன்று 'யூ.எஸ்.ஆர்.' என்னும் பெயரில் இணைக்கப்பட்டது. காலப்போக்கிற் பல கட்டளைகளும் நூலகங்களும் அதிற் குடியேறின. கணினி விழிக்கும்போது முதற்றட்டு மாத்திரமே கைக்கெட்டும். இரண்டாவதை இணைக்கும் 'மவுண்ட்' என்னுங் கட்டளை அவ்விரண்டாந் தட்டிலேயே இருப்பின் அதனை எங்ஙனம் இணைப்பது? ஆதலின், முதலடிக்கு வேண்டிய எதுவும் முதலடிக்கு அப்பால் இருத்தலாகாது என்பது விதியாயிற்று. இடநெருக்கடியாற் பிறந்த இப்பிரிவு, தட்டுகள் பெருகி நெருக்கடி தீர்ந்த பின்னரும் வழக்கமாய் நிலைத்தது.

1988 இற் சண் நிறுவனம் தனது சண்-ஓ.எஸ். நான்காம் பதிப்பிற் பகிர்நூலகங்களைப் பரவலாக வழங்கியது. அந்நூலகங்களோ யூ.எஸ்.ஆர். பகுதியிலே இருந்தன. விதியை அறிந்த அந்நிறுவனத்தார், அப்பகுதியை இணைத்தற்கு வேண்டிய சில கருவிகளை மாத்திரம் நிலையிணைப்பாக ஆக்கி, வேர்த்தொகுதி எனப்படும் முதற்பகுதியில் வைத்தனர். லினக்ஸ் உலகில் 1994 ஆம் ஆண்டு வெளியான கோப்பமைப்பு நியமமோ, தொடக்கக் கருவிகளுக்கு வேண்டும் பகிர்நூலகங்களும் வேர்த்தொகுதியின் 'லிப்' என்னும் இடத்திலேயே இருத்தல்வேண்டும் என்றது. இரண்டும் ஒரே விதியின் இருவேறு உரைகள் என்க.

இவ்வாறிருக்க, வேர்த்தொகுதியின் இருப்பிடமே மாறுமாறு புதியதொரு நுட்பம் வந்தது. ஒரு வன்தட்டை நிலையான எல்லைகளாகப் பிரித்துவிடின், ஒரு பகுதி நிரம்பி வழியும்போது அடுத்த பகுதி வெறிதே கிடக்கும். இக்குறையைத் தீர்க்க, பல தட்டுகளையும் ஒரே குளமாகக் கருதி, வேண்டும் அளவிற் பகுத்தும் விரித்தும் கொள்ளும் தருக்கப் பகுப்பு முறை எழுந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ். முறைமையில் 1990 அளவிலும், பின்னர் எச்.பி. நிறுவனத்தின் யுனிக்சிலும் இது விளங்கியது. எச்.பி.யின் முறையைத் தழுவி 1998 இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் என்பார் லினக்சுக்கென எல்.வி.எம். கருவிகளை ஆக்கினார். 2003 ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் கருவின் 2.6 ஆம் பதிப்போடு இதன் அமைப்பு மாறிற்று. முகவரிகளைப் பொருத்துந் தொழில் மாத்திரம் கருவினிடம் நின்றது. பகுப்பின் விபரங்களை வாசித்து அறியும் அறிவெல்லாம் வெளியிலுள்ள 'எல்.வி.எம்.' என்னுங் கருவிக்கு உரியதாயிற்று. அக்கருவியோ 'லிப்-டெவ்மாப்பர்' முதலிய பகிர்நூலகங்களை நம்பி நிற்பது.

வேர்த்தொகுதியையே தருக்கப் பகுப்பினுள் வைக்கும் வழக்கம் பரவியபோது வட்டம் முற்றாக மூடிற்று. வேரைத் திறக்க எல்.வி.எம். வேண்டும், எல்.வி.எம். இயங்க நூலகம் வேண்டும். நூலகமோ வேரினுள் இருக்கிறது. திறவுகோலைப் பெட்டியினுள் இட்டுப் பூட்டிய கதை இதுவேயாம்.

இவ்வட்டத்தை உடைத்தற்குரிய உபாயம் 1996 இலேயே லினக்சிற் சேர்க்கப்பட்டிருந்தது. தொடக்க நினைவுத்தட்டு என்னும் அவ்வுபாயப்படி, சிறியதொரு கோப்புத் தொகுதி கருவோடு ஒருங்கே நினைவகத்தில் ஏற்றப்படும். வேரைத் திறக்கும் கருவிகள் அதிலிருந்தே இயங்கும். வேர் திறந்த பின்னர் அது விலகிவிடும். ஆயின் அதனுட் கருவியை மாத்திரம் படியெடுத்து வைத்தாற் போதாது. கருவி நம்பும் நூலகங்களும், அந்நூலகங்கள் நம்பும் பிற நூலகங்களும், இவற்றை இணைக்கும் இணைப்பியும் ஒருங்கே வருதல் வேண்டும். ஒன்று விடுபடினுங் கணினி விழியாது.

இத்தகைய பழுதுகளை நால்வகையாகப் பகுக்கலாம். நூலகமே விடுபடல் முதலாவது. இதனை இணைப்பி நூலகத்தின் பெயரோடு அறிவிக்குமாதலின் அறிதல் எளிது. இணைப்பியே விடுபடல் இரண்டாவது. அப்போது கருவி கண்ணெதிரே இருப்பவும் அது 'காணப்படவில்லை' என்றே செய்தி வரும். காணப்படாதது கருவியன்று, அதனை எழுப்பும் இணைப்பியே என்பதை உணராதார் இங்கு நெடிது மயங்குவர். கருவி புதியதாயும் நூலகம் பழையதாயும் பதிப்பு முரணுதல் மூன்றாவது. நான்காவதே மிக நுண்ணியது. ஒரு கருவி நம்பும் நூலகங்களை 'எல்.டி.டி.' என்னும் கட்டளை பட்டியலிட்டுக் காட்டும். நினைவுத்தட்டை ஆக்கும் நிரல்களும் அதனைத் துணைக்கொள்ளும். ஆனால், இயக்கத்தின் நடுவே மாத்திரம் அழைக்கப்படும் நூலகங்கள் அப்பட்டியலில் வாரா. வன்தட்டின் மறைகுறியைத் திறக்கும் 'கிறிப்ற்செற்றப்' கருவிக்கு இவ்வாறே 'லிப்-ஜி.சி.சி.' நூலகம் கிடையாது, கடவுச்சொல் சரியாயிருந்துங் கணினி தொடங்காமை டெபியன் வழி முறைமைகளில் நேர்ந்தது. இழைகளுக்குரிய வேறொரு நூலகத்தின் பெயர் பட்டியலிற் காணப்படின் இதனையுஞ் சேர்த்துக்கொள்க எனத் திருத்தஞ் செய்யப்பட்டது. 2021 இல் அவ்விழை நூலகமே அடிப்படை நூலகத்தோடு ஒன்றாயிற்று. அடையாளமாகக் கொண்ட பெயரும் பட்டியலினின்றும் மறைந்தது. அடையாளத்தைக் கொண்டு காரணத்தை மறப்பார்க்கு இது நல்லதோர் எச்சரிக்கையாகும்.

அன்றியும், இயங்கும் முறைமையில் எல்.டி.டி. காட்டும் பட்டியல், அங்கு எவை உள என்பதையே கூறும். நினைவுத்தட்டினுள் எவை உள என்பதைக் கூறாது. ஆகவே, நினைவுத்தட்டின் உள்ளடக்கத்தை நேரே திறந்து ஒப்புநோக்குதலே ஐயந்திரிபற்ற சோதனை.

எல்லாவற்றையும் நிலையிணைப்பாக ஆக்கிவிட்டால் இடரொழியுமன்றோ எனின், அவ்வழியையும் அறிஞர் நடந்து பார்த்தனர். றெட் ஹற் நிறுவனத்தின் நான்காம், ஐந்தாம் பதிப்புகளில் நினைவுத்தட்டுக்கென நிலையிணைப்பான எல்.வி.எம். கருவி தனியே இருந்தது. ஆறாம் பதிப்பில் அம்முறை கைவிடப்பட்டது. நிலையிணைப்பாயின், நூலகத்திற் பாதுகாப்புப் பிழையொன்று வெளிப்படும்போது கருவிகளையெல்லாம் மீண்டும் ஆக்க வேண்டும். 2005 இற் சொலாரிஸ் பத்தாம் பதிப்பும் நிலையான முறைமை நூலகங்களை நீக்கியது. இவற்றுக்கிடையே நடுவழி கண்டோர் பி.எஸ்.டி. மரபினர். 2004 இல் வெளியான பிறீ-பி.எஸ்.டி. 5.2 இல் அன்றாடக் கருவிகள் பகிர்நூலகங்களைச் சார்ந்தன. இடர்வேளைக்கென நிலையிணைப்பான கருவிகள் 'றெஸ்கியூ' என்னும் தனியிடத்திற் பேணப்பட்டன. பங்குக் கிணறும் இருக்க, பாதாளக்கரண்டியும் வெளியே தொங்கிய ஏற்பாடு இஃது எனலாம்.

இறுதியாக, 2012 இற் பெடோரா 17 ஆம் பதிப்பு, வேர்த்தொகுதிக்கும் யூ.எஸ்.ஆர். பகுதிக்கும் இடையிலிருந்த பழம் பிரிவை அகற்றி, கருவிகளையும் நூலகங்களையும் ஒன்றாக்கியது. நெடிய வாதங்களின் பின்னர், 2023 இல் வெளியான டெபியன் 12 ஆம் பதிப்பும் இவ்வமைப்பையே கட்டாயமாக்கியது. சென்னையிலுந் தடம் பதித்த சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியதாதலின், தமிழிற் கணினி பயில்வாரும் இம்மாற்றத்துக்குப் புறம்பானவரல்லர். இதனால் 1971 ஆம் ஆண்டின் விதி இறந்தது என்று கொள்ளல் தவறு. பிரிவு அழிந்ததற்குக் காரணம், அதன் கடமையைத் தொடக்க நினைவுத்தட்டு ஏற்றுக்கொண்டமையே. விதி இடம் மாறியதன்றி மாயவில்லை.

இவ்வரலாற்றை அறிதலால் விளையும் பயன் சிறிதன்று. 1990 இல் தேசிய மின்வலையினின்றும் துண்டிக்கப்பட்டு, 2002 இல் திறந்த ஏ-9 பாதை 2006 இல் மீண்டும் மூடப்படக் கண்டது இக்குடாநாடு. எதைப் பகிரலாம், எதைத் தன் கைக்குள்ளே வைத்திருத்தல் வேண்டும் என்பதை இங்குள்ளார்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலையின் புள்ளிப் பதிவேடுகளோ, ஓர் அலுவலகத்தின் காணி விபரங்களோ ஒரு கணினியில் இருக்க, அது ஒருநாட் காலை நூலகங் காணவில்லை என்று கூறி நின்றுவிடின், பார்ப்போர் அனைத்தும் அழிந்தன என்றே கலங்குவர். உண்மையில் தரவு ஒன்றும் அழிந்திலது, வாயிலே திறக்கவில்லை. இதனை அறியாது முறைமையைப் புதிதாக நிறுவ முனைந்து தட்டை மீளப் பகுப்பாராயின், அழியாதிருந்த தரவு அவர் கையாலேயே அழியும். அறிந்தாரோ, மீட்புத் தட்டொன்றிலிருந்து கணினியை எழுப்பி, தருக்கப் பகுப்புகளை இணைத்து, பழைய முறைமையினுட் புகுந்து, குறைந்த நூலகத்தைச் சேர்த்து, நினைவுத்தட்டை மீள ஆக்குவர். புதிய கரு நன்கு இயங்குமட்டும் பழைய கருவையும் அதன் நினைவுத்தட்டையும் அழியாது வைப்பதும், மீட்புத் தட்டை முன்னரே ஆயத்தஞ் செய்து சோதித்து வைப்பதும், தரவின் படியொன்றை வேறிடத்திற் பேணுவதும் அவர்தம் வழக்கமாயிருக்கும்.

வழக்கம் காரணத்தோடு பேணப்படும்போதே உயிருடையது. யூ.எஸ்.ஆர். பிரிவைக் காரணம் அறியாது காத்தவரும், காரணம் அறியாது அழிக்க முனைந்தவரும் ஒருங்கே இடருற்றனர். காரணத்தை அறிந்தோர் மாத்திரமே பழைய பிரிவை அழித்தும் அதன் பயனை இழவாதிருந்தனர். மாணாக்கர் கட்டளைகளை மனனஞ் செய்வதோடு நில்லாது, அவை அவ்விடத்தில் அமைந்ததன் காரணத்தையும் வினவிப் பயில்வாராயின், நாளை வரும் மாற்றங்களிலும் முதலடிக்கு வேண்டியதை முதலடிக்கு முன்னரே வைக்கும் விவேகம் அவர்க்கு வாய்க்கும்.