நெஞ்சக எக்ஸ் கதிர்ப் படமும் கணினி வழி நோய் கண்டறிதலும்

நெஞ்சக எக்ஸ் கதிர்ப் படத்தைக் கணினியால் ஆராய்ந்து, நுரையீரலில் தொற்று இருக்கக்கூடிய இடத்தைச் சுட்டிக்காட்டுவது படச்செயலாக்கத்தின் பயன்களுள் ஒன்றாகும். குறிப்பாகக் காசநோயைக் கண்டறிய இது உதவுகிறது.

வரலாறு

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியைச் சேர்ந்த ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அதற்கு முன் மருத்துவர்கள் மார்பைத் தட்டிப் பார்த்தும், ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சொலியைக் கேட்டுமே நுரையீரலின் நிலையை அறிந்தனர்.

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் செல்லும் இரயில் பாதையில் உள்ள தாம்பரத்தில், மருத்துவர் சௌரி முத்து 1928-இல் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே அழைக்கப்படுகிறது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளி வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமடையலாம் என்பதை அம்மையம் 1959-இல் வெளியிட்ட ஆய்வு உலகுக்குக் காட்டியது. எனவே, நோயாளியை நேரத்தில் கண்டுபிடிப்பதே அடுத்த சிக்கலாயிற்று.

ஒரே படத்தை இரு மருத்துவர்கள் வெவ்வேறாகப் படிப்பதும், ஒரே மருத்துவர் மறுமுறை பார்க்கையில் மாற்றிச் சொல்வதும் 1940-களிலேயே அமெரிக்க ஆய்வுகளில் தெரியவந்தன. கணினியின் துணை தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயல்படும் முறை

எக்ஸ் கதிர்ப் படத்தில் காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும், எலும்பு வெண்மையாகவும் தெரியும். தொற்று உள்ள பகுதியில் வெண்திட்டுகள் தோன்றும். கணினி ஒவ்வொரு படப்புள்ளியையும் கருமை முதல் வெண்மை வரையான ஓர் எண்ணாகக் கொள்கிறது. பொதுவாக 0 கருமை, 255 வெண்மை. தேவையற்ற புள்ளிகளை நீக்கி, மங்கலைத் தெளிவாக்கி, நுரையீரல் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கிறது. பின்னர், முன்பே கற்பிக்கப்பட்ட பல படங்களின் அடிப்படையில் ஐயத்திற்குரிய இடத்தைக் குறிக்கிறது.

இன்றைய தேவை

2019–2021-இல் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், எக்ஸ் கதிர்ப் படம் எடுக்காமல் விட்டிருந்தால் 42.6 விழுக்காடு நோயாளிகள் தவறியிருப்பர் என்று தெரியவந்தது. இருமலோ காய்ச்சலோ இல்லாதவரிடமும் நோய் மறைந்திருக்கலாம் என்பதே இதன் பொருள்.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒரு நாள் மருத்துவமனை சென்றால் அன்றைய கூலி போய்விடும். படம் எடுக்கும் கருவி ஊருக்கே வந்து, படத்தைக் கணினி உடனே படித்துச் சொன்னால், அவர் மறுநாள் மீண்டும் அலைய வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பும் 2021-இல், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் காசநோய்ச் சோதனையில், படம் படிக்கும் மருத்துவருக்கு மாற்றாக இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது.

வரம்புகள்

படத்தில் தெரியும் நிழல் எல்லாம் நோயன்று. ஆறிப்போன பழைய காசநோயின் தழும்பும் திட்டாகவே தெரியும். கணினி ஐயத்தை எழுப்பும். சளிப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருப்பவர்கள், படம் எடுக்கும் வாய்ப்புக்காகக் காத்திராமல், அரசு மருத்துவமனையில் இப்பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.