லீ, விர்ஜீனியா மான்-யீ

விர்ஜீனியா மான்-யீ லீ (பிறப்பு 1945) அல்சைமர் நோயில் நியூரான்களுக்குள் திரளும் டாவ் புரதத்தை ஆராய்ந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர். சீனாவின் சோங்சிங்கில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தார். பியானோ பயில லண்டன் ராயல் இசைக்கழகத்தில் சேர்ந்தவர், வேதியியலுக்கு மாறினார். 1973இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் கணவரான நரம்பு நோயியலாளர் ஜான் ட்ரோஜனோவ்ஸ்கியைச் சந்தித்தது பாஸ்டனில். 1981 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணி. இடையில் அங்கேயே வணிக மேலாண்மைப் பட்டமும் வாங்கினார். ஆய்வு கைகொடுக்காவிட்டால் வேறு தொழில் வேண்டுமே என்ற முன்யோசனை.

நோயின் தடயம் பழையது. 1906இல் அலோயிஸ் அல்சைமர், ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணின் மூளையில் இரண்டு படிவுகளைக் கண்டு சொன்னார்: செல்களுக்கு வெளியே திட்டுகள், உள்ளே நூற்கண்டு போன்ற சிக்கல்கள். 1963இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி, அந்தச் சிக்கல்கள் இரட்டை இழைகளாக முறுக்கிக் கிடப்பதைக் காட்டியது. இழை எந்தப் புரதம் என்பதில்தான் குழப்பம் நீடித்தது. நியூரானின் சட்டகமான நியூரோஃபிலமென்ட் என்றே பலர் கருதினர். லீயும் 1980களில் அதையே ஆராய்ந்தார். அதன் பாஸ்பேட் ஏறிய வடிவங்களைப் பிரித்தறியும் எதிர்ப்பொருள்களைத் தயாரித்தார். அந்த வகை எதிர்ப்பொருள்கள் சிக்கல்களிலும் ஒட்டியதால் அந்தக் கருத்து மேலும் வலுத்தது.

இதற்கிடையே, 1986இல் பீட்டர் டேவிஸ் என்ற ஆய்வாளரின் குழு ஆல்ஸ்-50 என்ற எதிர்ப்பொருளைக் கொண்டு நோயுற்ற மூளையில் 68 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தைக் காட்டியது. ஏ68 என்று பெயர் பெற்ற அது நோய்க்கே உரிய புதுப் புரதமோ என்ற பேச்சு எழுந்தது. லீயின் குழு இறந்த நோயாளிகளின் மூளையிலிருந்து முறுக்கிழைகளைப் பிரித்து, நொதியால் பாஸ்பேட்டை நீக்கிப் பார்த்தது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏ68 இடம்பெயர்ந்து, சாதாரண டாவ் நகரும் அளவுக்கு வந்து நின்றது. 1991இல் சயன்ஸ் இதழில் வெளியான அக்கட்டுரை ஏ68இன் அடையாளத்தைத் தீர்த்து வைத்தது. அது பாஸ்பேட் மிகுந்த டாவேதான். 396ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏறியிருப்பதையும் காட்டினர். அதைச் சுற்றியுள்ள லைசின்-செரின்-புரோலின்-வாலின் வரிசை நியூரோஃபிலமென்ட்டிலும் இருப்பதுதான் முந்தைய எதிர்ப்பொருள்கள் ஏமாற்றியதற்குக் காரணம். தவறான புரதத்தில் செலவிட்ட ஆண்டுகளே சரியான விடைக்குச் சாவியாயின.

டாவ் நியூரானின் நுண்குழல்களைத் தாங்கிப் பிடிப்பது. மிகுந்து ஏறும் பாஸ்பேட் அந்தப் பிடியைத் தளர்த்தும். குழல்கள் குலைந்தால் நியூரானின் நீள்கிளையான ஆக்ஸானின் சரக்குப் போக்குவரத்து தடைபடும். வெளித் திட்டுகளிலுள்ள அமிலாய்டு புரதத்துக்கே ஆய்வுலகம் நெடுநாள் முன்னுரிமை தந்தாலும், நோயாளியின் மறதியோடு நெருங்கி ஒத்துப்போவது டாவ் சிக்கல்தான்.

1997இல் பார்கின்சன் நோயில் நியூரான்களுக்குள் தோன்றும் லூயி உருண்டைகளில் ஆல்பா-சினுக்ளின் என்ற புரதம் இருப்பதைக் கண்ட கூட்டாய்விலும், 2006இல் தசைகளை இயக்கும் நியூரான்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோயில் டிடிபி-43 புரதத்தைக் கண்டறிந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. 2020ஆம் ஆண்டுக்கான 30 லட்சம் டாலர் பிரேக்த்ரூ பரிசு பெற்றார். ட்ரோஜனோவ்ஸ்கி 2022இல் காலமானார். டாவை இலக்காகக் கொண்ட மருந்துகள் பரிசோதனையில் உள்ளன.