‘ஆனால்’ என்ற சொல்

முலை என்று நான் கவிதையில் எழுதியதற்கே முகம் சுளித்தவள் என் அம்மை. கட்டி வந்தபோதும் ‘நெஞ்சில ஒரு கல்லு மாதிரி இருக்கு மக்களே’ என்றுதான் சொன்னாள். அறுவை முடிந்ததும் மருத்துவர் மரபணுச் சோதனை எழுதினார். அம்மைக்கு அந்தக் கோளாறு இருந்தால் எனக்கும் பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்த மரபணுவின் கதையைத் தேடிப் படித்தேன்.

தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்று வரும் குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1990இல் காட்டியவர் மேரி-கிளேர் கிங் என்ற பெண். 1994இல் அதைப் பிரித்தெடுத்தது அமெரிக்காவின் மிரியட் நிறுவனத்தைச் சேர்ந்த குழு. பிஆர்சிஏ1 என்ற அந்த மரபணுவுக்கும், பின்னர் பிஆர்சிஏ2வுக்கும் மிரியட் காப்புரிமை பெற்றது. அங்கே அந்தச் சோதனை அதன் ஏகபோகமானது. கட்டணம் 3,000 டாலருக்கும் மேல். கருப்பையோடு சூலகத்தையும் எடுப்பதா என்று தவித்த பெண்ணால் இன்னொரு ஆய்வகத்தில் கேட்டுச் சரிபார்க்க முடியவில்லை.

நோயுற்ற பெண்களும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் 2009இல் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: இயற்கையில் இருப்பதைப் பிரித்தெடுத்ததாலேயே அது கண்டுபிடிப்பு ஆகாது. ஆனால், ஆய்வகத்தில் உருவாக்கும் சிடிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடைக்கும்.

இந்த ‘ஆனால்’ எனக்குப் புதிதல்ல. அன்று திருவிதாங்கூரில் இருந்த எங்கள் கல்குளம், இரணியல் பக்கங்களில் தோள்சீலை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள், சீலைகள் கிழிக்கப்பட்டன. 1822இல் தொடங்கிய போராட்டத்துக்கு 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல.

இரண்டு கொடுமைகளும் ஒன்றல்ல. சாட்டையும் விலைச்சீட்டும் வேறுவேறு. என்றாலும் இரண்டு தீர்ப்புகளும் பெண்ணின் உடல் அவளுடையது என்று சொல்லவில்லை. ஒன்று அரசனின் அனுமதி என்றது. மற்றது இயற்கையின் பொருள் என்றது.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவும் இயற்கையில் உள்ளதைக் கண்டறிவதற்குக் காப்புரிமை தராது. நல்லதுதான். நம் ‘ஆனால்’ வேறொரு தாளில் இருந்தது. சோதனைக்கான சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். மிஞ்சும் ரத்தத்தையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் ஆய்வுக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. அதைத் தமிழில் சொன்னேன்.

‘எனக்க சோரைய வச்சு அவன் சம்பாதிச்சா, எனக்கிட்ட கேக்காண்டாமா?’ என்றாள் அம்மை.

சோதனைக்குக் கையெழுத்துப் போட்டாள். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.