வழுவியோரும் பாவமன்னிப்பும்: மூன்றாம் நூற்றாண்டுத் திருச்சபையின் விவாதம்

திருமுழுக்குப் பெற்ற பின் பெரும் பாவம் செய்த ஒருவர், அதை அறிக்கையிட்டு மனம் வருந்தினால் மீண்டும் திருச்சபையில் சேர முடியுமா என்பது தொடக்க காலக் கிறித்தவர்களிடையே நிலவிய முக்கியமான கேள்விகளுள் ஒன்று. கி.பி. 250இல் உரோமைப் பேரரசர் தேசியுஸ் காலத்தில் நிகழ்ந்த வேதகலாபனை, இக்கேள்விக்கு உடனே விடை காண வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தியது.

கலாபனையும் வழுவியோரும்

பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியுணவை உண்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று தேசியுஸ் ஆணையிட்டார். இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரசுத் தாள்களில் கிடைத்துள்ளன. பணிய மறுத்தவர்கள் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தனர். உரோமை ஆயர் ஃபபியான் 250 சனவரியில் உயிர்துறந்தார்.

எனினும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் மிகப் பலர் அச்சத்தால் பணிந்தனர். சிலர் பலியிட்டனர், சிலர் தூபம் மட்டும் காட்டினர், வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். இவர்கள் அனைவரும் 'வழுவியோர்' எனப்பட்டனர். கலாபனை தணிந்ததும் இவர்களுள் பலர் நற்கருணையில் மீண்டும் பங்கேற்க விரும்பினர்.

இரு வேறு நிலைப்பாடுகள்

நம்பிக்கைக்காகச் சிறைப்பட்டவர்கள் மக்களிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தனர். வழுவியோர் அவர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிவந்து, உடனே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டனர். ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு, அவரைச் சேர்ந்தோர் அனைவரையும் ஏற்கும்படி எழுதிய கடிதங்களும் இருந்தன. கார்த்தேஜ் குருக்கள் சிலர் இக்கடிதங்களை ஏற்றனர். தலைமறைவாக இருந்த ஆயர் சிப்ரியான் இதைக் கண்டித்தார். மனவருத்தமின்றிக் கிடைக்கும் மன்னிப்பு காயத்தை ஆற்றாது, மூடி மறைக்கும் என்பது அவர் கருத்து.

உரோமையில் இதற்கு நேர்மாறான நிலைப்பாடு எழுந்தது. 251இல் கொர்னேலியுஸ் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நொவாசியான் என்ற குரு எதிர் ஆயரானார். கிறிஸ்துவை மறுதலித்தவர்களுக்குத் திருச்சபை மன்னிப்பு வழங்க இயலாது. அவர்களைக் கடவுளின் தீர்ப்புக்கே விட்டுவிட வேண்டும் என்று நொவாசியானின் தரப்பினர் வாதிட்டனர்.

கார்த்தேஜ் சங்கத்தின் தீர்வு

251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தனர். ஒவ்வொருவர் செய்ததும் தனித்தனியே ஆராயப்பட்டது. சான்றிதழ் மட்டும் வாங்கியோர் விசாரணைக்குப் பின் சேர்க்கப்பட்டனர். பலியிட்டவர்கள் நீண்ட காலம் தவம் செய்ய வேண்டும். சாகும் தறுவாயில் அவர்களுக்கும் மன்னிப்பு மறுக்கப்படாது. அக்காலத் தவம் எளிதானதன்று. சாக்கு உடுத்தி, சாம்பலில் அமர்ந்து, நோன்பிருந்து, தமக்காக மன்றாடும்படி சபையார் முன் கேட்க வேண்டும்.

ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் கலாபனை வரும் என்ற அச்சம் எழுந்தபோது, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் ஆயர்கள் சேர்த்துக்கொண்டனர். நற்கருணையின் வலிமையின்றி அவர்களைப் போர்க்களத்துக்கு அனுப்பலாகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்.

பிற்காலத் தாக்கம்

நொவாசியானின் சபை பல நூற்றாண்டுகள் நீடித்தது. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம், அச்சபையின் குருக்கள் திரும்பி வரலாம் என்றது. ஆனால் வழுவிப் பின் மன்னிப்புப் பெற்றோருடன் உறவு கொள்ள அவர்கள் சம்மதிக்க வேண்டும் என நிபந்தனை விதித்தது. பொதுத் தவம் காலப்போக்கில் குறைந்து, அயர்லாந்துத் துறவியர் பரப்பிய தனிப் பாவ அறிக்கை வழக்கமாயிற்று. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்வதைக் கடமையாக்கியது. வடிவம் மாறினாலும், பாவத்தை மறைக்காமல் அறிக்கையிடுவதும் கடவுளின் இரக்கத்தை நம்புவதும் ஒன்றையொன்று பிரியலாகாது என்ற மூன்றாம் நூற்றாண்டுத் தீர்வு தொடர்ந்து நிலைத்தது.