மின்கித்தாரும் நிலைக்காத சுருதியும்



நாம் பணிபுரியும் தோட்டத்தில் ஒரு திருவிழா இரவு. சாமி ஊர்வலம் முடிந்து, இளைஞர்களின் இசைக்குழு மேடை ஏறியது. முதல் பாட்டு நன்றாகவே அமைந்தது. இரண்டாம் பாட்டில் மின்கித்தார் அபசுரமாக ஒலித்தது. வாசித்த தம்பி முறுக்காணியைத் திருகிச் சரிசெய்தான். அடுத்த பாட்டிலும் அதே கதை. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "உழைத்த காசைக் கரியாக்கிவிட்டான்" என்று அவன் அப்பாவே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். மறுநாள் அந்தக் கித்தார் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

குற்றம் பையனிடமா, கருவியிடமா? இந்தக் கேள்வியோடு கைதேர்ந்த கலைஞர்களும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மல்லாடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

தந்தியின் சுருதி அதன் இழுப்பைப் பொறுத்தது. இழுப்பை நான்கு மடங்காக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும் என்பதை மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636இல் எழுதி வைத்தார். ஆகவே இழுப்பு சற்றே தளர்ந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். மின்கித்தாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் நான்கை அந்த மெல்லிய கழுத்தில் தொங்கவிட்டதற்குச் சமம்!

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1931ஆம் ஆண்டளவில் உருவாக்கிய மின்கித்தார்தான் பின்னர் விற்பனைக்கு வந்த முதல் மின்கித்தார்களில் ஒன்று. தோற்றத்தால் அதற்கு 'வறுசட்டி' என்ற பட்டப்பெயர் வந்தது. அதன் உடல் அலுமினியம். மேடை விளக்குகளின் சூட்டில் உலோகம் விரிய, சுருதியும் நகர்ந்தது. சிக்கல் கருவியோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம்.

ஒலியை ஊஞ்சல்போல் ஆட்ட வேண்டும் என்ற ஆசையும் எழுந்தது. டாக் காஃப்மன் என்பவர் அதற்கு ஒரு கைப்பிடி செய்தார். அதை அசைத்தால் தந்தியின் இழுப்பு மாறும். ஆனால் தந்தி பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பவில்லை. மெர்ல் டிராவிஸ் என்ற கலைஞர் இதைச் சொல்லிக் குறைபட, பால் பிக்ஸ்பி 1950களின் தொடக்கத்தில் வேறொரு கைப்பிடி செய்து கொடுத்தார். 1954இல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது. அதில் வீணையின் குதிரையைப் போலத் தந்திகளைத் தாங்கும் பாகமே கைப்பிடியோடு சாய்ந்தது. ஒரு பக்கம் தந்திகள் இழுக்க, மறுபக்கம் சுருள்வில்கள் இழுத்தன. காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைச் சமமாகத் தூக்கி நடந்த நம் பெரியவர்களுக்கு இந்தத் தத்துவம் எளிதில் விளங்கும். ஒரு வாளி ததும்பினால் மற்றதும் ஆடும்.

அந்த ஓசை நம் பக்கமும் வந்தது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் மேடையேறினார்கள். அந்தக் குழுவின் ஹேங்க் மார்வின் வாசித்தது ஸ்ட்ராடோகாஸ்டர். பின்வந்த ஆண்டுகளில் குகிரான் எனப்படும் மலாய்க் கித்தார்க் குழுக்கள் பெருகின.

1960களின் இறுதியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கைப்பிடியை முழுவதும் அழுத்தி வாசித்தார். நிகழ்ச்சியின் நடுவிலேயே அவர் முறுக்காணியைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முறுக்காணி இளகுகிறது என்றே பலரும் எண்ணினார்கள்.

அவரைக் கேட்டு ஊக்கம் பெற்றவர் ஃபிளாய்ட் ரோஸ். நகை செய்யவும் தெரிந்த இசைக்கலைஞர். 1976இல் அவர் ஆராயத் தொடங்கினார். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதிந்து செல்லும் சிறு கட்டை ஒன்று உண்டு. அதை 'நட்' என்பார்கள். தளர்ந்த தந்தி அதன் பள்ளத்தில் வழுக்கிச் செல்கிறது. திரும்பும்போது உராய்வால் சிக்கி நிற்கிறது. நோய் இருந்தது முறுக்காணியில் அல்ல, அந்தப் பள்ளத்தில்! அவர் தந்தியை அங்கேயே உலோகத்தால் கவ்விப் பூட்டினார், குதிரையிலும் பூட்டினார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பூட்டிய பின் முறுக்காணி பயன்படாதல்லவா? அதனால் குதிரையிலேயே நுண்திருகுகளைப் பிறகு சேர்த்தார்.

இந்த வரலாற்றைப் படித்த பிறகு நாம் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனோம். பூட்டு வாங்கப் பணம் வேண்டும். உராய்வைக் குறைக்கப் பள்ளிக்கூடப் பென்சிலே போதும். தந்தியைத் தளர்த்தி, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தோம். முறுக்காணியில் தாறுமாறாகச் சுற்றியிருந்த தந்தியைக் கழற்றி, இரண்டு மூன்று சுற்றே வருமாறு ஒழுங்காகச் சுற்றினோம். புதிய தந்தி தானே சிறிது நீளும். ஆகவே அதைக் கையால் மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி கூட்டினோம். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலாகவே ஏற்றினோம்.

அடுத்த திருவிழாவில் அவன் ஐந்து பாட்டு வாசித்தான். ஒரே ஒரு முறைதான் முறுக்காணியைத் தொட்டான். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பெற்றோர்களே, பிள்ளையோ பொருளோ சுருதி தவறினால், ஒதுக்கிவைக்கும் முன் எங்கே சிக்கியிருக்கிறது என்று ஒரு கணம் பாருங்கள். சில நேரங்களில் ஒரு பென்சில் கரியே போதும்.