ஒர்க் ஷாப் சுவரில் ரெண்டு படம்

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் ஒரு டூவீலர் ஒர்க் ஷாப். தகரக் கூரை, வாசலில் வேப்பமரம், உள்ளே எப்போதும் மண்ணெண்ணெய் வாசம். அதை நடத்திய அண்ணன் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். வீட்டில் வேண்டாம் என்றதால் பெயர் போடவில்லை. அந்த ஏரியாக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

கடைச் சுவரில் ரெண்டே படம். ஒன்று நடராஜர். இன்னொன்று ஜி.டி.நாயுடு. காலையில் ரெண்டுக்கும் ஊதுபத்தி.

சிதம்பரத்தில் எம்.பி.பி.எஸ். படித்தபோது என் பழைய பைக் மாதம் ஒருமுறையாவது அங்கே நிற்கும். ஒருநாள் கேட்டேன்.

"ஏண்ணே, கோயமுத்தூர்க்காரருக்கு இங்க என்ன பூஜை?"

"எங்க தொழிலுக்கு அவருதான் தம்பி மூத்தவரு."

அப்புறம்தான் நான் தேடிப் படித்தேன். நீங்களும் கொஞ்சம் கேளுங்க.

1893 மார்ச் 23, கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் பையனுக்குத் தூக்கம் போச்சு. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அதை விலைக்கே வாங்கிவிட்டார்.

வாங்கினவர் ஊரைச் சுற்றிக் காட்டவில்லை. அக்கக்காகக் கழட்டினார். திரும்ப மாட்டினார். சொல்லித்தர ஆள் இல்லை. அப்படித்தான் மெக்கானிக் ஆனார். 1920ல் ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஓட்டினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். கம்பெனி ஆனது. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்தார்கள். கோவைக்கு மோட்டார் ஊர் என்று பெயர் வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குப் பிடித்தது இதன்பிறகு நடந்தது. 1945ல் அவர் முயற்சியில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி வந்தது. இன்றைய கோவை ஜி.சி.டி. அதுதான். நாலு வருஷப் படிப்பு மாணவர்களுக்கு நேர விரயம், ரெண்டு வருஷம் போதும் என்றார் நாயுடு. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார்.

இதை அண்ணனிடம் சொல்லி, "ரெண்டு வருஷத்துல டாக்டர் ஆக முடியுமாண்ணே?" என்று மடக்கினேன்.

கார்புரேட்டரை ஊதிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு ஆவாது தம்பி. நாங்க தப்பாக் கழட்டினா திரும்ப மாட்டிக்கலாம். நீங்க?"

பதில் இல்லை என்னிடம்.

2004 சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போகப் பயந்த ரெண்டு பையன்களைக் கடையில் சேர்த்துக்கொண்டார். முதல் வேலை, காயலான் கடையில் எடுத்துவந்த ஒரு டி.வி.எஸ். 50 இன்ஜின். பிரி, துடை, மாட்டு. ஸ்டார்ட் ஆகும்வரை கஸ்டமர் வண்டியைத் தொடக்கூடாது. நாயுடு தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை அது.

மீன் கூடை ஏற்றும் டி.வி.எஸ். 50தான் அந்தக் கடைக்குச் சோறு. ஐஸ் தண்ணியும் உப்பும் ஒழுகி சேசிஸ் அரித்துவிடும். வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, "மீன் வித்துட்டு வந்து குடும்மா" என்பார். அந்த நோட்டில் எத்தனை கணக்கு வசூலாகாமல் கிடக்கிறதோ.

2015 வெள்ளம் ஞாபகம் இருக்கும். நான் அப்போது புது டாக்டர், கேம்ப் கேம்பாக அலைந்தோம். அண்ணன் கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. "யாரும் கிக்கர் அடிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். சிலிண்டருக்குள் தண்ணி இருக்கும்போது உதைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழட்டி, தண்ணியை வெளியேற்றி, பால் மாதிரி வெளுத்த ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றினார். ஆயில் காசு மட்டும் வாங்கினார். அது இல்லாதவர்களிடம் அதுவும் இல்லை.

இன்ஜின் சத்தத்தை ரோட்டிலிருந்தே கேட்டு "டைமிங் செயின் லூசு" என்பவர், தன் நெஞ்சு எரிச்சலை ரெண்டு நாள் "கேஸ்" என்று சொல்லி சோடா குடித்திருக்கிறார். வியர்த்துக் கொட்டியும் கடையைப் பூட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

படிக்கிற நீங்க தயவுசெய்து கேளுங்க. நெஞ்சு எரிச்சல் கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் சோடா வேண்டாம். உடனே 108. அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. இலவசம், எடுக்க பத்து நிமிஷம்கூட ஆகாது. இதை அவரிடம் நான் ஒருமுறைகூட சொன்னதில்லை. அத்தனை வருஷம் என் வண்டியைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறேன்.

அவர் போன அன்று என் பைக் கடையில்தான் இருந்தது, கார்புரேட்டர் கழட்டியபடி. காரியம் முடிந்து கடை திறந்ததும் சுனாமிப் பையன்களில் ஒருவன் போன் பண்ணினான். அவனுக்கு இப்போ முப்பது வயசுக்கு மேல்.

"மாட்டிட்டேன் சார். ஓடுது. வந்து எடுத்துக்கோங்க."

போனேன். ரெண்டு படத்துக்கும் ஊதுபத்தி ஏற்றியிருந்தான். பக்கத்தில் மூணாவது படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.